அக்கா சீட்டு, தங்கச்சி கை

தோலை மில்லிமீட்டரில் அளக்கிற தொழிலில் முதல் பாடம், அமுக்கக் கூடாது. அமுக்கினால் தோலும் மனுஷனைப் போலவே பொய் சொல்லும்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் ராத்திரி வாட்ச்மேன். சாயங்காலம் ஆறுக்கு உள்ளே வந்தால் காலை ஆறுக்கு வெளியே. பகலெல்லாம் அங்கே கர்ப்பிணிகள் கூட்டம். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் சென்னையிலிருந்து மூட்டு வாத டாக்டரம்மா ஒருவர் வருவார். அவர் பார்ப்பது வயிறு இல்லை, தோல். பகல் அட்டெண்டர் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடுவதால் ஜெல் பூசுவது, துடைப்பது, டாக்டர் சொல்கிற எண்ணை நோட்டில் எழுதுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. மெஷினை நான் தொடக் கூடாது. அது சட்டம்.

படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் தூக்கம் வராத ஜென்மம். பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைத்த நர்சிங் புத்தகங்களைப் புரட்டி, புரியாததை ஃபோனில் தேடி, திரையில் தெரிவது என்னவென்று ஒருமாதிரி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு கடுத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

இதில் முக்கால்வாசி கஸ்தூரி என்கிற ஒரு பெண்மணியின் குடும்பத்தைப் பற்றியது. ஒரு பக்கம் அவர் கை இறுகிக்கொண்டே வந்தது. இன்னொரு பக்கம் அவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் வினை.

வயிறு இல்லை, விரல்

கஸ்தூரிக்கு நாற்பத்துநாலு வயது. மானாம்பதி பக்கம். பன்னிரண்டு வருடம் கல் கிரஷரில் தூள் கூட்டி மூட்டை பிடித்தவர். முதல் தடவை உள்ளே வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, ஏசி காற்றில் அவர் விரல்கள் நுனியிலிருந்து வெள்ளையாக ஆரம்பித்தன. சாக்பீஸ் வெள்ளை. பிறகு நீலம். எனக்குக் கையிலிருந்த ஜெல் பாட்டில் நழுவிவிட்டது. டாக்டரம்மா எழுந்து ஏசியை நிறுத்தி, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, “இது வந்து போற வெள்ளைதான், பயப்படாதீங்க” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பயந்தது நான்தான்.

விரல் மேல் ஜெல்லைக் குவித்தேன். டாக்டரம்மா கருவியை அந்தக் குவியலின் மேல் மிதக்க விட்டார். திரையில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் தோல். ஒன்று புள்ளி ஆறு என்று எழுதச் சொன்னார். உடம்பின் காவல்காரனே புத்தி கெட்டு உடம்பைத் தாக்குவதால் தோல் தடித்து இறுகுகிற நோய். தொற்றாது. விட்டுவைத்தால் நுரையீரல் வரைக்கும் போகும்.

வெளியே அவர் ஊர்க்காரப் பெண் ஒருத்தி மருமகளை ஸ்கேனுக்குக் கூட்டிவந்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கஸ்தூரியைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். கஸ்தூரி விரலை நீட்டிக் காட்டினார். அவள் நம்பவில்லை. “பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கசொல்ல உனுக்கு இன்னாடி ஸ்கேனு? வெரலுக்குன்ற, வெரலுல இன்னா கொயந்தயா கீது?”

நார்மல் கை

புதுக் கருவி வந்த அன்று, அது ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க ஒரு நோயில்லாத கை வேண்டியிருந்தது. அறையில் இருந்தது நான் ஒருவன்தான். நீட்டினேன். நாற்பத்தொன்பது வருடமாக வெயில், பனி, கொசு எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கிற தோல், திரையில் ஒரு அரிசி அகலம்கூட இல்லை. இவ்வளவுதானா, இதை நம்பியா இத்தனை நாள் நடமாடினேன் என்று ஒரு மாதிரி ஆகிவிட்டது. விரலுக்குப் புள்ளி ஒன்பது. அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டரம்மாவே எழுதி வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, உங்க தோல் ரொம்ப நார்மல். மூஞ்சியை மட்டும் ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?”

பரீட்சைக்கு வந்தவர்

நம் ஜனங்களுக்கு ஸ்கேன் என்றால் பரீட்சை. ரிட்டையரான டிரில் மாஸ்டர் ஒருவர் வருவார். ஒவ்வொரு புதனும் வீட்டில் வெந்நீரில் கையை அரை மணி ஊறப்போட்டு, நல்லெண்ணெய் தேய்த்து, நீவி நீவிச் சிவந்துபோன கையோடு வருவார். “இப்படித் தேய்ச்சா அளவு தப்பா வரும் சார்” என்று டாக்டரம்மா கெஞ்சுவார். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் அவருக்குப் புறங்கையில் ஒன்று புள்ளி நாலு. முன்னே ஒன்று புள்ளி ஐந்து. வெளியே வந்து என்னை ஓரமாக இழுத்தார். முகமே செத்துவிட்டது. “நாப்பது வருசம் பசங்களை மைதானத்துல ஓடவிட்டவன் நானு. எனக்கே மார்க்கைக் கொறைச்சுப் போட்டுட்டாங்களே. உள்ள சொல்லி ரெண்டு மார்க்காவது கூடப் போடச் சொல்லு தம்பி.”

பளபளப்பு

மூன்றாம் மாதம் கஸ்தூரியின் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் காணாமல் போயிருந்தது. நெற்றி கண்ணாடி மாதிரி. பத்து வயது குறைந்த மாதிரி. நானே, மருந்து நன்றாக வேலை செய்கிறது போல என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, “நல்லா ஆயிட்டீங்கம்மா” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

டாக்டரம்மா அவரை வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தார். மூன்று விரலை அடுக்கி உள்ளே விடச் சொன்னார். இரண்டோடு நின்றுவிட்டது. அப்போதுதான் புரிந்தது. அந்தப் பளபளப்பு அழகு இல்லை, இறுக்கம். கஸ்தூரி சிரிக்கப் பார்த்தார். உதடு பாதி வழி வந்து நின்றது. “தெருவுல எல்லாரும் இன்னா க்ரீம் போட்டுக்கினுகீறன்னு கேக்கறாங்க டாக்டரம்மா. எனுக்கு ஒரு இட்லிய முழுசா வாயில போட முடியல.”

டீ வாங்கிக் கொடுத்த மாமா

ஒரு நாள் ஆறரை மணிக்கு வேட்டி கட்டிய ஒருவர் கேட்டருகே வந்து நின்றார். புள்ளலூர் பக்கம். கையில் இரண்டு டீ. வாட்ச்மேனுக்கு முன்பின் தெரியாதவன் டீ வாங்கித் தந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கும் தெரியும். அவர் மாப்பிள்ளைப் பையனுக்குத் தாய்மாமன். கஸ்தூரியின் மகள் சங்கீதாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்களாம். பெண் பிடித்துவிட்டது. ஆனால் காபித் தட்டை நீட்டிய சம்பந்தியம்மாவின் விரல்கள் மடங்கியிருந்ததையும் தோல் பளபளத்ததையும் பார்த்துவிட்டார்கள்.

“பெருநோயாபா அது?” என்று நேராகவே கேட்டார். டீ கையில் கொட்டியது. நோயாளியைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது என்றேன். அது அவருக்கு, ஆமாம் என்று கேட்டுவிட்டது. “நான் சொல்லலைன்னா இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க” என்று பதறிப்போய் என்னென்னவோ உளறினேன். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுப் பெண்கள் அவரை முடுக்கி அனுப்பியிருந்தார்கள். கிளம்பும்போது சொன்னார்: “அந்தம்மாகிட்ட நாங்க சொல்லிட்டோம்பா. நோவு கொறையுதுன்னு ஸ்கேன் பேப்பரு கொண்டாந்தா வெள்ளிக்கெயம நிச்சயம். இல்லாங்காட்டி எங்களுக்கு வேற எடம் கீது.”

வளையல்

அடுத்த புதன் கரண்ட் போய்ப் போய் வந்தது. எல்லாம் ஒரு மணி நேரம் தாமதம். வழக்கமாக டாக்டரம்மா முதலில் நோயாளியின் தோலை விரலால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார். பிறகுதான் கருவி. அன்று, “முதல்ல ஸ்கேனை முடிச்சிடலாம், கரண்ட் மறுபடி போறதுக்குள்ள” என்று விளக்கை அணைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கஸ்தூரி என்று கூப்பிட்டேன். மாஸ்க் போட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கஸ்தூரியின் கண்ணாடி வளையல்கள் கழற்ற வராது. கை குவியாது. அதனால் எப்போதும் நான் அவற்றை மேலே தள்ளி பிளாஸ்திரி ஒட்டுவேன். பிளாஸ்திரியைக் கிழித்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் ஆறு வளையலும் கழன்று மடியில் இருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். கஸ்தூரியின் கண் மாதிரியேதான், ஆனால் கஸ்தூரி இல்லை. அக்காவோடு இரண்டு தடவை துணைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை தேவி. அந்தக் கண் என்னைப் பார்த்து, சொல்லிடாதீங்க என்றது. வெள்ளிக்கிழமை நிச்சயம் என்பது எனக்கும் தெரியும். சொல்லவில்லை. ஜெல்லைக் குவித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த பெரிய மோசடி அதுதான். அதுவும் வாயைத் திறக்காமலே செய்தேன்.

கருவி மிதந்தது. டாக்டரம்மா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குரலில் சந்தோஷம். “பரவாயில்லையே கஸ்தூரி! ஒண்ணு ஆறு இருந்தது ஒண்ணு மூணுக்கு வந்திருக்கு. மாத்திரையைப் பாதியா குறைச்சிடலாம்.”

எல்லாருக்கும் வருவது

எழுத வேண்டிய பேனா நோட்டின் மேலேயே நின்றுவிட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கஸ்தூரியின் கைக்கு ஒன்று புள்ளி மூன்று என்றால் நல்ல செய்தி. ஆனால் இது கஸ்தூரியின் கை இல்லையே. நோயில்லாத கை என்று நினைத்து நீட்டிய கை. அது என் கை மாதிரி ஒன்றுக்குள்ளே அல்லவா நின்றிருக்க வேண்டும்? அறையில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. போதாததற்கு அக்காவின் மாத்திரை பாதியாகப் போகிறது.

தேவி சீட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். கேட்டருகே ஓடிப் பிடித்தேன்.

“இன்னாம்மா வேலை செஞ்சிட்ட?”

“கோச்சிக்காதண்ணே. ரேசன் கடையில அவ கார்டுக்கு நான் நிக்கறதில்லியா? நூறு நாள் வேலைல அவ கை மொடங்கிப் போச்சின்னு அவ பங்கு மண்ண நான் வாரிப் போடறதில்லியா? அந்த மாரிதான் இதுவும். பொண்ணு கல்யாணம்ணே.”

“அது இருக்கட்டும். உன் கையும் தடிச்சிருக்கு.”

சிரித்தாள். “எனுக்கா? நேத்து கூட நாத்து நட்டுக்கினு இருந்தேன். நல்லா பாரு” என்று கையை விரித்து மூடிக் காட்டினாள். நன்றாகத்தான் மூடியது. தொட்டால் ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் கைக்குத் தெரியாதது கருவிக்குத் தெரியும் என்று டாக்டரம்மா எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருந்தாலும் மனசு, மெஷின் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது. கடைசியாக ஒன்று கேட்டேன். குளிர் பட்டால் விரல் வெள்ளையாகுமா?

சிரிப்பு நின்றது. விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “காலீல தண்ணில கைய வெச்சா ஆவும். கிரஷர்ல எங்ககூட வேல செய்ற பொம்பளைங்க ரெண்டு மூணு பேருக்கு ஆவுது. அது எல்லாருக்கும் வர்றதுதானேண்ணே?”

ஒரு வரி

“உள்ள போய் சொல்லிடாத, வெள்ளிக்கெயம தாண்டட்டும்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையைப் பார்க்க முடியவில்லை. திரும்பி நடந்தேன். டாக்டரம்மா பையை மூடிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், வளையலில் ஆரம்பித்து.

அவர் பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். திட்டப் போகிறார், வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் ஃபோனை எடுத்து கஸ்தூரியைக் கூப்பிட்டார். “மாத்திரையைக் குறைக்காதீங்க. பழையபடியே போடுங்க. அடுத்த புதன் நீங்களும் வாங்க, உங்க தங்கச்சியும் வரணும். ரெண்டு பேரும்.” அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது. நிச்சயம், பேப்பர், பெருநோய் என்று துண்டு துண்டாக வந்து விழுந்தன.

டாக்டரம்மா ஃபோனை வைத்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். “கிள்ளிப் பார்க்காம மெஷினைப் பார்த்தேன் பாருங்க, அது என் தப்பு. இது பெருநோய் இல்லை, யாருக்கும் தொத்தாதுன்னு ஒரு வரி எழுதித் தாங்கன்னு கேட்டிருந்தா முதல் நாளே எழுதிக் கொடுத்திருப்பேனே அண்ணா. எண்ணு குறைஞ்சாத்தான் கல்யாணம்னு இவங்களுக்கு யார் சொன்னது?”

மாமா சொன்னதை நான் அப்போதே வந்து சொல்லியிருக்கலாம். அதை யாரிடமும் சொல்லாமல் டீயோடு சேர்த்து விழுங்கியது நான்தான்.

இரண்டு சீட்டு

வெள்ளிக்கிழமை நிச்சயம் நடக்கவில்லை. புதன்கிழமை அக்காவும் தங்கையும் வந்தார்கள். கூடவே, கஸ்தூரி சொல்லி அனுப்பியதால் மாமாவும் வந்தார். இந்தத் தடவை டீ இல்லை. டாக்டரம்மா விளக்கைப் போட்டு, இரண்டு பேரின் கையையும் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கருவியை எடுத்தார். கஸ்தூரிக்கு ஒன்று புள்ளி எட்டு. கூடியிருந்தது. அன்று மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம். தேவிக்கு அதே ஒன்று புள்ளி மூன்று. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். கல் தூளை வருடக்கணக்காக மூச்சில் இழுத்தவர்களுக்கு இந்த நோய் வருவதுண்டு, இவர்களுக்கு அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இரண்டு பேரும் இனி கிரஷர் பக்கம் போகக் கூடாது என்றார். விரல் வெள்ளையாகிற மற்ற பெண்களையும் கூட்டிவரச் சொன்னார்.

பிறகு கஸ்தூரி கேட்டுக்கொண்டபடி மாமாவை உள்ளே கூப்பிட்டு, எழுதிய கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினார். பெருநோய் இல்லை, தொட்டால் பரவாது, கூடச் சாப்பிட்டால் பரவாது. மாமா கடிதத்தை வாங்கி டாக்டர் முத்திரையைத் தடவிப் பார்த்தார். “அந்த நெம்பரு ஏறிக்கிதா எறங்கிக்கிதா?” என்றார் மாமா. ஏறியிருக்கிறது என்று கஸ்தூரியே சொன்னார். பொய் சொல்ல அவருக்கு அதற்கு மேல் தெம்பில்லை. மாமா, “ஏறிச்சின்னா வைத்தியம் பாக்கணும். கல்யாணத்த ஏன் நிறுத்தணும்?” என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த முகூர்த்தத்தில் நிச்சயம்.

எல்லோரும் வெளியே போனபின் தேவி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் பெயரில் முதல் தடவையாக ஒரு சீட்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்றைக்கு உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். தலையை ஆட்டினாள். “அக்காவுக்குன்னு நீட்டின கைணே இது. எனுக்குன்னு நீட்டணும்னா இந்த ஜென்மத்துல நான் ஆசுபத்திரிப் படி ஏறியிருப்பனா?”

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: தோல் எத்தனை கனம் என்று மெஷின் சொல்லிவிடும், அது யாருடைய தோல் என்று சொல்லத்தான் அரைச் சம்பளத்துக்கு ஒரு தூக்கம் கெட்ட வாட்ச்மேன் வேண்டியிருக்கிறது.